ஒரே நிகழ்ச்சி, இரண்டு கோப்புகள்: அப்பலாச்சிய மலைகள் தரும் வரலாற்றுப் பாடம்

"தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அதனை அடக்கியது." சமூக அறிவியல் பாடத்தில் இப்படி ஒரு வரி வந்தால் மாணவர்கள் அதை அடிக்கோடிட்டு, ஆண்டை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரியை எழுதுவதற்கு வரலாற்றாசிரியர் எந்தெந்தத் தாள்களைப் படித்தார்? அவற்றை எழுதியவர் யார்? பத்திரப்படுத்தியவர் யார்? யாரும் பத்திரப்படுத்தாமல் போன தாள்களில் என்ன இருந்திருக்கும்? இந்தக் கேள்விகளை நாம் வகுப்பில் எழுப்புவது குறைவு. ஆனால் வரலாறு மனப்பாடப் பாடமாக இருப்பதும் சிந்திக்கும் பாடமாக மாறுவதும் இந்தக் கேள்விகளைப் பொறுத்தே அமைகின்றன.

இவற்றுக்கு விடை தேட மிகப் பொருத்தமான இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதி. அங்கே நூறு ஆண்டுகளுக்கு முன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டங்கள் பற்றியும், அவர்களிடையே பரவிய சோசலிசக் கருத்துகள் பற்றியும், அங்கே தோன்றிய ஒரு புதுமையான பள்ளி பற்றியும் ஏராளமான ஆவணங்கள் இன்று காப்பகங்களில் உள்ளன. அந்த ஆவணங்கள் சொல்லும் கதைக்கு ஈடாக, அவை பிழைத்து வந்த கதையும் ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டியது.

நிலக்கரி மலைகள்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடக்கு தெற்காக நீளும் மலைத்தொடர் அப்பலாச்சியன். நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து மிசிசிப்பி வரை 13 மாநிலங்களின் பகுதிகளை அப்பலாச்சிய வட்டாரமாக அந்நாட்டு அரசு வகைப்படுத்தியுள்ளது. இதில் மேற்கு வர்ஜீனியா மட்டுமே முழுமையாக இந்த வட்டாரத்துக்குள் வருகிறது. அதன் தென்பகுதியும், கென்டக்கியின் கிழக்குப் பகுதியும் நிலக்கரிக்குப் பெயர் பெற்றவை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் பாதைகள் மலைக்குள் நுழைந்தன. அவற்றின் பின்னாலேயே நிலக்கரிக் கம்பெனிகள் வந்தன. ஊர்களே கம்பெனிகளால் கட்டப்பட்டன. தொழிலாளி குடியிருந்த வீடு கம்பெனிக்குச் சொந்தம். அவர் பொருள் வாங்கும் கடையும் கம்பெனிக்குச் சொந்தம். பல இடங்களில் கூலிகூட அரசு நாணயமாக இல்லாமல், அந்தக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் கம்பெனி டோக்கனாக வழங்கப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும். ஒழுங்கைக் காக்கத் தனியார் துப்பறியும் நிறுவனங்களின் ஆயுதக் காவலர்களைக் கம்பெனிகள் அமர்த்தியிருந்தன.

தொழிலாளர்களில் மலைவாழ் வெள்ளையர்களும், தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்களும், இத்தாலி, ஹங்கேரி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் இருந்தனர். 1890-இல் தோன்றிய ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் இவர்களை ஒன்றுசேர்க்க முயன்றது.

சுரங்கப் போர்கள்

1912 ஏப்ரலில் மேற்கு வர்ஜீனியாவின் பெயின்ட் கிரீக் பகுதியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. விரைவில் அருகிலிருந்த கேபின் கிரீக் பகுதிக்கும் பரவியது. கோரிக்கைகளைப் படித்தால் அவற்றில் சில இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றும். வெட்டிய நிலக்கரியைச் சரியாக எடைபோட வேண்டும். எடையைச் சரிபார்க்கத் தொழிலாளர் தரப்பில் ஓர் ஆள் இருக்க வேண்டும். கம்பெனிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. பேசவும் கூடவும் உரிமை வேண்டும். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். இதற்கு மறுமொழியாகக் குடும்பங்கள் கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. அவர்கள் கூடாரங்களில் தங்கினர். 1913 பிப்ரவரி 7 இரவு, இரும்புத் தகடு போர்த்திய ரயில் ஒன்றிலிருந்து ஹோலி குரோவ் என்ற கூடாரக் குடியிருப்பை நோக்கித் துப்பாக்கிகள் சுட்டன. ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

மாநில ஆளுநர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். குடிமக்கள் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் 'மதர் ஜோன்ஸ்' என்று தொழிலாளர்கள் அழைத்த மேரி ஹாரிஸ் ஜோன்ஸ். அயர்லாந்தில் பிறந்து, இளமையில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்து, முதிய வயதில் சுரங்கம் சுரங்கமாகச் சென்று சங்கம் வளர்த்தவர் அவர்.

சோசலிஸ்ட் கட்சி அப்போது அமெரிக்காவில் குறிப்பிடத்தக்க செல்வாக்குடன் இருந்தது. 1912 குடியரசுத் தலைவர் தேர்தலில் அதன் வேட்பாளர் யூஜின் டெப்ஸ் ஏறத்தாழ 9 லட்சம் வாக்குகள், அதாவது சுமார் 6 விழுக்காடு பெற்றார். மேற்கு வர்ஜீனியாவிலும் அக்கட்சிக்கு வார இதழ்கள் இருந்தன. சார்ல்ஸ்டன் நகரில் 'லேபர் ஆர்கஸ்', ஹன்டிங்டன் நகரில் 'சோசலிஸ்ட் அண்டு லேபர் ஸ்டார்' ஆகியவை வெளிவந்தன. 1913 மே மாதத்தில் இரண்டு இதழ்களும் ஆளுநரின் ஆணையால் முடக்கப்பட்டன. ஹன்டிங்டன் இதழின் அச்சகம் படையினரால் சிதைக்கப்பட்டது.

அடுத்த மோதல் இன்னும் பெரியது. 1920 மே 19 அன்று மேட்வான் என்ற சிற்றூரில், குடும்பங்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற வந்த தனியார் துப்பறிவாளர்களுக்கும் ஊர்க்காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டின் தரப்புக்கும் இடையே துப்பாக்கிச் சூடு நடந்தது. துப்பறிவாளர்கள் 7 பேர், தொழிலாளர்கள் 2 பேர், ஊர் மேயர் என 10 பேர் மாண்டனர். 1921 ஆகஸ்டு 1 அன்று சிட் ஹாட்ஃபீல்டு நீதிமன்றப் படிக்கட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாத இறுதியில் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள், பலர் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, இராணுவச் சட்டத்தின்கீழ் சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கவும் அப்பகுதியில் சங்கம் அமைக்கவும் புறப்பட்டனர். பிளேர் மலையில் ஷெரிப் டான் சேஃபினின் ஆட்கள் அவர்களை எதிர்கொண்டனர். பல நாட்கள் சண்டை நடந்தது. தனியார் விமானங்களிலிருந்து குண்டுகளும் வீசப்பட்டன. கூட்டரசின் படை வந்ததும் தொழிலாளர்கள் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்க மண்ணில் நிகழ்ந்த மிகப் பெரிய ஆயுத எழுச்சி என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர்.

இரண்டு கோப்புகள்

இந்த ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு வகை ஆவணங்கள் உருவாயின. முதல் வகை, அதிகாரத்தின் மேசையில் எழுதப்பட்டவை: ஆளுநரின் ஆணைகள், படைத்தளபதிகளின் அறிக்கைகள், கம்பெனிகளின் கடிதங்கள், குற்றப்பத்திரிகைகள். இவற்றில் பிளேர் மலைப் பயணம் 'அரசத்துரோகம்' என்று பதிவாகியுள்ளது. 1922-இல் சார்ல்ஸ் டவுன் நகரில் அந்தக் குற்றச்சாட்டின்கீழ் பில் பிளிசார்டு என்ற இளம் சங்கத் தலைவர் விசாரிக்கப்பட்டார். 1859-இல் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் பிரவுன் விசாரிக்கப்பட்ட அதே நீதிமன்றம் அது.

இரண்டாம் வகை, போராடியவர்களின் கையிலிருந்து வந்தவை: சங்கக் கூட்டக் குறிப்புகள், துண்டறிக்கைகள், சோசலிச இதழ்கள், கடிதங்கள், பாட்டுகள், புகைப்படங்கள். விமானத்திலிருந்து வீசப்பட்டு வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டைத் தொழிலாளர்கள் எடுத்து வைத்திருந்தனர். பின்னர் நடந்த விசாரணையில் அது எதிர்த்தரப்புச் சான்றாக வைக்கப்பட்டது. பிளிசார்டு விடுதலை ஆனார்.

இரு தரப்பும் ஒரே கோப்பில் சந்திக்கும் இடமும் உண்டு. 1913-இலும் 1921-இலும் அமெரிக்க மேலவையின் குழுக்கள் இந்தப் போராட்டங்களை விசாரித்தன. கம்பெனி மேலாளர்களும் தொழிலாளர்களும் சாட்சியம் சொன்னார்கள். சொன்னவை சொன்னபடியே பதிவாயின. பள்ளிப் படிப்பு முடிக்காத ஒரு சுரங்கத் தொழிலாளியின் பேச்சு நாட்டின் மேலவைப் பதிவேட்டில் இடம்பெற்றது இப்படித்தான்.

முதல் வகை ஆவணங்கள் காப்பாற்றப்படுவதற்குத் தனி முயற்சி தேவையில்லை. அரசும் நீதிமன்றமும் தம் தாள்களைத் தாமே கட்டி வைக்கும். இரண்டாம் வகை அப்படியல்ல. வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர் கூடாரத்தில் எதைப் பத்திரப்படுத்துவார்? சிதைக்கப்பட்ட அச்சகத்தில் பழைய இதழ்களை யார் அடுக்கி வைப்பார்? இந்த ஏற்றத்தாழ்வை மாணவர்கள் புரிந்துகொண்டால், பல பாடங்களில் எளிய மக்களின் குரல் ஏன் குறைவாகக் கேட்கிறது என்பதற்கு அவர்களுக்கே விடை கிடைத்துவிடும்.

இன்று அந்த இரண்டாம் வகை ஆவணங்கள் பல நிறுவனங்களில் பரவியுள்ளன. மார்கன்டவுன் நகரிலுள்ள மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வட்டார வரலாற்று மையம் சுரங்கப் போர்கள் குறித்த முக்கியமான தொகுப்புகளை வைத்துள்ளது. ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் ஆவணங்கள் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. சோசலிஸ்ட் கட்சியின் ஆவணங்கள் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 2015-இல் மேட்வான் ஊரிலேயே மேற்கு வர்ஜீனியா சுரங்கப் போர்கள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

மண்ணும் ஓர் ஆவணம்தான். பிளேர் மலையில் கிடைத்த தோட்டா உறைகளைக் கொண்டு எங்கே யார் நின்று சுட்டார்கள் என்று ஆய்வாளர்கள் வரைபடம் தயாரித்தனர். மலையுச்சியையே வெட்டி நிலக்கரி எடுக்கும் முறையால் அந்தக் களம் அழியும் ஆபத்து இருந்தது. 2009-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் நீக்கப்பட்டது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் 2018-இல் மீண்டும் இடம்பெற்றது.

பாடநூலில் விடுபட்ட பக்கம்

இவ்வளவு பெரிய நிகழ்ச்சி அந்த மாநிலப் பள்ளிப் பாடநூல்களில் எவ்வளவு இடம் பெற்றது? பல பத்தாண்டுகள் அநேகமாக இடமே பெறவில்லை. 1930களில் அமெரிக்க அரசு வேலையற்ற எழுத்தாளர்களைக் கொண்டு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வழிகாட்டி நூல் எழுதவைத்தது. மேற்கு வர்ஜீனியா நூலின் கையெழுத்துப் படியில் தொழிலாளர் போராட்டங்கள் இடம்பெற்றிருந்தன. அன்றைய ஆளுநர் ஹோமர் ஹோல்ட் அதை ஏற்க மறுத்தார். மாநிலத்தின் நற்பெயரைக் கெடுக்கும் பரப்புரை என்பது அவரது கருத்து. அவர் பதவி விலகிச் சென்ற பிறகு, 1941-இல்தான் நூல் வெளிவந்தது.

அந்தக் கையெழுத்துப் படியை ஒட்டி நடந்த வாதங்கள் கடிதங்களாகப் பதிவாயின. அதனால் ஒரு பக்கம் எப்படி எழுதப்படுகிறது என்பதோடு எப்படி விடுபடுகிறது என்பதையும் இன்று நம்மால் அறிய முடிகிறது. பாடம் நடத்தும் நமக்கு இரண்டாவது செய்தி கூடுதல் பயனுள்ளது.

ஓர் எண், மூன்று விடைகள்

எண்களையும் ஆவணம்தான் தீர்மானிக்கிறது. 1930-இல் மேற்கு வர்ஜீனியாவின் காலி பிரிட்ஜ் அருகே, ஆற்று நீரை மின்னுற்பத்திக்குத் திருப்ப ஹாக்ஸ் நெஸ்ட் என்ற சுரங்கப் பாதை குடையப்பட்டது. வேலையை ஏற்பாடு செய்தது யூனியன் கார்பைடு நிறுவனத்தின் துணைக் கம்பெனி. 1984 போபால் நச்சுவாயுக் கசிவால் நம் நாட்டில் எல்லாரும் அறிந்த பெயர் அது. பாறையில் சிலிக்கா மிகுதியாக இருந்தது. தண்ணீர் தெளிக்காமல் உலர் நிலையில் துளையிட்டதால் தூசி நுரையீரலில் படிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடித் தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள்.

எத்தனை பேர்? நிறுவனத் தரப்பு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 109. 1936-இல் நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் வைக்கப்பட்ட எண்ணிக்கை 476. மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 1986-இல் வெளியிட்ட ஆய்வு நூலின் மதிப்பீடு 764. பலர் நோயோடு சொந்த ஊர் திரும்பி அங்கே இறந்தனர். அந்த இறப்புகள் இந்த வேலையோடு சேர்த்து எழுதப்படவில்லை. கணக்கெடுத்தவர் யார், எந்தப் பதிவேட்டைப் பார்த்தார் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. "சரியான விடை எது?" என்று கேட்கப் பழகிய நம் மாணவர்களிடம், "இந்த மூன்று விடைகளும் எப்படி வந்தன?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு பள்ளி, ஒரு புகைப்படம்

1932-இல் டென்னசி மாநிலத்தின் மான்டீகிள் அருகே மைல்ஸ் ஹார்ட்டன், டான் வெஸ்ட் என்ற இரு இளைஞர்கள் 'ஹைலேண்டர் மக்கள் பள்ளி'யைத் தொடங்கினர். மதிப்பெண், தேர்வு, பட்டம் எதுவும் இல்லை. வளர்ந்தவர்கள் வந்து சில நாட்கள் தங்கி, தங்கள் ஊர்ச் சிக்கல்களைத் தாங்களே பேசித் தீர்வு காணும் இடம் அது. 1930களில் தொழிற்சங்கத்தினருக்கும், 1950களில் இன ஒதுக்கலை எதிர்த்தவர்களுக்கும் அது பயிற்சிக் களமானது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே அறையில் படித்தனர். அன்றைய தென்மாநிலச் சட்டங்களுக்கு அது எதிரானது. 1955 கோடையில் அங்கே பயிற்சி பெற்ற ரோசா பார்க்ஸ், அதே ஆண்டு டிசம்பரில் பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்தார். 'வீ ஷல் ஓவர்கம்' என்ற பாடல் வேலைநிறுத்தத்தில் இருந்த புகையிலை ஆலைப் பெண்கள் வழியாக 1940களில் இந்தப் பள்ளிக்கு வந்து, இங்கிருந்து உலகெங்கும் பரவியது. அதன் இந்தி வடிவம் நம் நாட்டுப் பள்ளி விழாக்களிலும் ஒலிக்கிறது.

1957-இல் பள்ளியின் 25ஆம் ஆண்டு விழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்தார். ஜார்ஜியா மாநில அரசின் ஆணையம் ஒன்று அனுப்பிய புகைப்படக்காரரும் விழாவுக்கு வந்திருந்தார். அவர் எடுத்த படத்தில் கிங் மற்றவர்களோடு அமர்ந்திருக்கிறார். சில ஆண்டுகளில் அந்தப் படம் பெரிய விளம்பரப் பலகைகளில் ஏறியது. 'கம்யூனிஸ்ட் பயிற்சிப் பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங்' என்பது பலகையின் செய்தி. அதே படம் இன்று குடிமை உரிமை இயக்கத்தின் பெருமைமிகு நினைவாக நூல்களில் அச்சிடப்படுகிறது. படம் மாறவில்லை. அதன் கீழ் எழுதப்பட்ட வரி மாறியது. படத்தை வாசிக்கக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

டென்னசி அரசு அந்தப் பள்ளியின் உரிமத்தை ரத்து செய்து 1961-இல் அதை மூடியது. நிலமும் பொருள்களும் ஏலம் போயின. ஹார்ட்டனும் நண்பர்களும் வேறு பெயரில், வேறு ஊரில் உடனே மறுபடியும் தொடங்கினர். இப்போது நியூ மார்க்கெட் என்ற ஊரில் அது இயங்குகிறது.

நெருப்பும் வெள்ளமும்

2019 மார்ச் 29 அதிகாலை ஹைலேண்டர் மையத்தின் முதன்மை அலுவலகம் தீயில் எரிந்தது. பல பத்தாண்டு ஆவணங்கள் சாம்பலாயின. வாகன நிறுத்துமிடத்தில் வெள்ளை இனவெறிக் குழுக்களின் குறியீடு வரையப்பட்டிருந்தது. ஆனாலும் பள்ளியின் வரலாறு முழுவதுமாக அழிந்துவிடவில்லை. பழைய ஆவணங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே தொலைவிலுள்ள விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பாடல் தொகுப்பு ஒன்று நாஷ்வில் நகரிலுள்ள டென்னசி மாநில நூலகத்தில் இருந்தது. ஒரு காலத்தில் பள்ளியை மூடிய அதே மாநிலத்தின் நூலகம் அதன் பாடல்களைக் காத்து வைத்திருக்கிறது.

கென்டக்கியின் ஒயிட்ஸ்பர்க் ஊரில் 1969 முதல் இயங்கும் 'ஆப்பல்ஷாப்' மலைமக்களே தங்கள் வாழ்வைப் படமெடுக்கவும் பதிவு செய்யவும் உருவாக்கிய அமைப்பு. 2022 ஜூலை இறுதியில் வந்த வெள்ளம் அதன் காப்பகத்துக்குள் புகுந்தது. திரைப்படச் சுருள்களும் ஒலி நாடாக்களும் புகைப்படங்களும் சேற்றில் மூழ்கின. ஊழியர்களும் தன்னார்வலர்களும் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மீட்க வேண்டியதாயிற்று.

இங்கே ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஆவணம் பிறந்த ஊரிலேயே இருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு தீ, ஒரு வெள்ளம் போதும். தொலைவிலுள்ள பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்தால் பாதுகாப்பு உண்டு. ஆனால் சுரங்கத் தொழிலாளியின் பேத்தி தன் தாத்தாவின் கடிதத்தைப் படிக்கப் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும். மின்னணுப் படிகள் இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைத்துள்ளன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பை இன்று நம் பள்ளிக் கணினியிலிருந்தே கட்டணமின்றிப் பார்க்கலாம்.

பேச்சும் ஆவணமே

எழுதாதவர்களின் வரலாற்றை எங்கே தேடுவது? 1970களில் கென்டக்கியின் ஆலிஸ் லாயிட் கல்லூரியும் வேறு மூன்று மலைப்பகுதிக் கல்லூரிகளும் சேர்ந்து 'அப்பலாச்சிய வாய்மொழி வரலாற்றுத் திட்ட'த்தை நடத்தின. மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு தங்கள் ஊர் முதியவர்களிடம் சென்றனர். கம்பெனி வீடு, கடன், சங்கம், விபத்து, திருமணம், பாட்டு என எல்லாவற்றையும் கேட்டுப் பதிந்தனர். அவற்றிலிருந்து 1977-இல் ஒரு நூலும் வெளிவந்தது. மலைவாழ் மக்கள் என்றாலே படிப்பறிவற்றவர்கள், முரடர்கள் என்று திரைப்படங்களும் கேலிச்சித்திரங்களும் காட்டிவந்த காலம் அது. தம் பாட்டி நினைவுகூர்வது ஒரு வரலாற்றுச் சான்று என்று அறிந்த மாணவர்களுக்கு அது எத்தகைய தன்மதிப்பைத் தந்திருக்கும் என்பதை ஆசிரியர்கள் உணர்வார்கள்.

கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் 1931-இல் கடுமையான போராட்டம் நடந்தது. ஷெரிப்பின் ஆட்கள் கணவரைத் தேடி வீட்டுக்குள் புகுந்தபின், ஃபுளோரன்ஸ் ரீஸ் என்ற பெண் சுவரில் தொங்கிய நாட்காட்டித் தாளைக் கிழித்து அதில் ஒரு பாட்டு எழுதினார். 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கும் அந்தப் பாட்டு இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது. எழுதக் கிடைத்தது ஒரு நாட்காட்டித் தாள்தான். காப்பகத்துக்கு அதுவும் ஆவணமே.

இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ போர்டெல்லி பல ஆண்டுகள் ஹார்லனுக்குத் திரும்பத் திரும்பச் சென்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசி, 2011-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். வாய்மொழி வரலாற்றைப் பற்றி அவர் சொல்லும் முக்கியமான கருத்து, நினைவில் நேரும் பிழையும் ஒரு சான்று என்பது. இத்தாலியின் தெர்னி நகரில் ஒரு தொழிலாளி 1949-இல் கொல்லப்பட்டார். ஆனால் ஊரில் பலர் அது 1953-இல் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் நடந்ததாக நினைவுகூர்ந்தனர். நாளேடு சொல்லும் ஆண்டுதான் சரி. ஆனால் மக்கள் ஏன் அந்த மரணத்தை வேறு ஆண்டுக்கு மாற்றி வைத்தார்கள் என்று கேட்டால், வேலையிழப்பு அவர்களை எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தியது என்பது தெரிகிறது.

நமக்குப் பிடித்த தரப்பையும் சோதிக்க வேண்டும்

எளியவர் தரப்பு ஆவணம் என்பதாலேயே அதில் உள்ள எல்லாம் உண்மையாகிவிடாது. மதர் ஜோன்ஸ் தாம் 1830 மே முதல் நாள் பிறந்ததாகச் சொன்னார். அயர்லாந்தின் கார்க் நகரத் தேவாலயப் பதிவேட்டின்படி அவருக்குத் திருமுழுக்கு நடந்தது 1837 ஆகஸ்டில். 'தொழிலாளர்களின் தாய்' என்ற உருவத்துக்கு முதிய வயதும் மே தினப் பிறப்பும் பொருந்தின. அவர் செய்த பணியின் மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் தன்வரலாற்றையும் பிற பதிவோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது. கம்பெனியின் கணக்கைச் சந்தேகிக்கும் மாணவர், தலைவரின் கூற்றையும் அதே கண்ணோடு பார்க்கப் பழக வேண்டும். ஒரு கொள்கையை ஏற்கச் செய்வதோ மறுக்கச் செய்வதோ வகுப்பறையின் வேலை அன்று. சான்றை எடைபோடக் கற்பிப்பதே அதன் வேலை. பெயின்ட் கிரீக் தொழிலாளர்கள் கேட்டதும் சரியான எடையைத்தானே!

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில் ஒரு பள்ளி விழாப் படத்தைக் கரும்பலகையில் ஒட்டி, பாராட்டும் வரி ஒன்றும் குறைகூறும் வரி ஒன்றும் அதற்கு எழுதச் சொல்லலாம். ஒரே படம் இரண்டு பொருள் தருவதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் எந்த ஆவணத்தையும் ஐந்து கேள்விகளோடு அணுகப் பழக்கலாம். இதை எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? எப்போது எழுதினார்? அவர் நேரில் கண்டாரா? இதில் யாருடைய குரல் இல்லை? ஐந்தாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

தாத்தா, பாட்டியிடம் அவர்கள் செய்த வேலை பற்றிக் கேட்டுவரச் சொல்வது எளிய செயல்பாடு. முதல் கூலி எவ்வளவு, அது பணமாகக் கிடைத்ததா, நெல்லாகக் கிடைத்ததா, வேலை நேரம் என்ன, அடிபட்டால் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். சில விதிகளை மட்டும் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். பேசுபவரின் ஒப்புதல் பெற வேண்டும். நாள், இடம், கேட்டவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அவர் சொன்ன சொற்களைத் 'திருத்தாமல்' எழுத வேண்டும். வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் கூறியதை வெளியிடக் கூடாது. சேர்ந்த பதிவுகளை ஒரு படி பள்ளியிலும் ஒரு படி வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். ஹைலேண்டர் தீ கற்றுத் தந்த பாடம் அது.

அப்பலாச்சிய மலைகளில் ஆவணங்களைக் காத்தவர்கள் எல்லாரும் பெரிய அறிஞர்கள் அல்லர். கூட்டக் குறிப்பை டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்த சங்கச் செயலாளர், நாட்காட்டித் தாளில் எழுதிய மனைவி, ஒலிப்பதிவுக் கருவி தூக்கிச் சென்ற மாணவி, சேற்றிலிருந்து படச்சுருளை எடுத்துத் துடைத்த தன்னார்வலர் ஆகியோர் இல்லையென்றால் அரசின் கோப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்த ஒரு கோப்பைப் படித்துத்தான் நாமும் பாடம் நடத்தியிருப்போம். அடுத்த முறை பாடநூலில் ஒரு வேலைநிறுத்தம் ஒரே வரியில் வரும்போது, அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது கோப்பைப் பற்றி மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்போம்.